காப்புப் பலகைக்கு முன் சுவர் காயட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டுச் சுவர்களுக்கு வெப்பக் காப்பு பொருத்துவது பற்றி இப்போது பலரும் விசாரிக்கிறார்கள். வெயில் காலத்தில் ஏசிக்கும் குளிர் காலத்தில் ஹீட்டருக்கும் வேலை குறையும் என்பது உண்மை. ஆனால் எத்தனை அங்குலப் பலகை, எவ்வளவு செலவு, எத்தனை நாள் வேலை என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உத்தரத்தின் முனை உளுத்துப்போவதும், புதுப் பூச்சுக்குப் பின்னால் பூஞ்சாணம் படர்வதும், இரண்டே மழைக்காலத்தில் பலகை சுவரை விட்டுக் கழன்று நிற்பதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: சுவருக்குள் போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் தொழிலில் இருக்கும் நாங்கள், இதை உங்கள் வாசகர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

பழைய சுவர் நனையும், பிறகு காயும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய ஒன்பது அங்குல, பதிமூன்றரை அங்குலச் சுவர்களில் தண்ணீரைத் தடுக்கத் தனி அடுக்கு கிடையாது. மழை அடித்தால் வெளிப்பக்கச் செங்கல் நீரைக் குடிக்கும். வெயிலும் காற்றும் பட்டால் விட்டுவிடும். குளிரான இடங்களில், வீட்டுக்குள்ளிருந்து சுவர் வழியே கசியும் வெப்பமும் இந்த உலர்த்தலில் பங்கெடுக்கிறது. வீணாகப் போகிறது என்று நாம் நினைக்கும் அந்த வெப்பம்தான் நூறு ஆண்டுகளாகச் சுவரைக் காயவைத்துக்கொண்டிருந்தது. காப்புப் பலகை அதை நிறுத்துகிறது. நிறுத்துவதுதான் அதன் வேலை. எனவே சுவருக்குள் ஈரம் வரும் வழிகளையும் அதே கையோடு அடைக்க வேண்டும், மிஞ்சியது காயவும் வழிவிட வேண்டும்.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். வெளியே 2 டிகிரி செல்சியஸ், அறைக்குள் 20 டிகிரி, அறையின் ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். காப்பு இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் உட்பரப்பு ஏறத்தாழ 15 டிகிரியில் இருக்கும். அந்த அறைக் காற்றின் பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் ஆவி நீராகுமோ அந்த அளவு, 12 டிகிரி. ஆக, சுவரில் நீர் கோக்காது. இப்போது உட்பக்கம் 50 மி.மீ. காப்பு வைக்கிறோம். அறை கதகதப்பாகிவிட்டது, ஆனால் காப்புக்குப் பின்னால் இருக்கும் செங்கல்லின் முகம் 6 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அறைக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 10 கிராம் நீராவி இருக்கிறது. 6 டிகிரியில் காற்றால் 7 கிராம்தான் தாங்க முடியும். எங்காவது ஒரு சந்து வழியாக அறைக் காற்று பலகைக்குப் பின்னால் போனால், ஒவ்வொரு கன மீட்டரும் 3 கிராம் தண்ணீரை அங்கே விட்டுவிட்டு வரும். இரவு பகலாக, மாதக்கணக்கில்.

ஈரம் பழைய சுவருக்குள் நான்கு வழிகளில் வருகிறது: மழை, நிலத்தடி ஈரம், காற்றோடு வரும் ஆவி, சுவர்ப் பொருளுக்குள் ஊடுருவும் ஆவி. அளவிலும் பெரும்பாலும் இதே வரிசைதான். ஆனால் சந்தையில் விற்பவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். நீராவியைத் தடுக்கும் தாளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். ஓட்டையான மழைநீர்க் குழாயை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

மழையிலிருந்து தொடங்குவோம். இறவாரத்திலிருந்து வழியும் நீர் சுவரைத் தொடாமல் விழுகிறதா, தூம்பு அடைத்திருக்கிறதா, இறங்கு குழாயின் மூட்டுகள் கசிகின்றனவா என்பதை நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்க்க வேண்டும். காய்ந்த நாளில் பார்த்தால் பாதிதான் தெரியும். ஜன்னலின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிந்து, சுவரிலிருந்து குறைந்தது 30 மி.மீ. வெளியே நீட்டி இருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு வெட்டு ஓடவேண்டும். அப்போதுதான் நீர் அங்கேயே சொட்டும். வெட்டு இல்லாவிட்டால் நீர் அடிக்கட்டையின் அடிப்பரப்பிலேயே ஊர்ந்து சுவருக்குள் போகும். பல வீடுகளில் ஜன்னலுக்குக் கீழே இருபுறமும் மீசை போல ஈரக்கறை இறங்குவதற்கு இதுவே காரணம். வர்ணம் அடிக்கும்போது பட்டியும் பெயின்ட்டும் அந்த வெட்டை நிரப்பிவிடுவதும் உண்டு. ஆணி நுனியால் சுரண்டித் திறந்தால் போதும்.

செங்கல் இடுக்குகளில் காரை உதிர்ந்திருந்தால் மீண்டும் சுண்ணாம்புக் காரையாலேயே நிரப்ப வேண்டும். உதிர்ந்த பகுதியை இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழமாவது சுரண்டி, தூசி போகத் துலக்கி, நனைத்து, பிறகு அடைக்க வேண்டும். சிமென்ட் வைத்து அடைப்பது கெட்டியாகத் தெரியும். ஆனால் இடுக்கு கெட்டியாகிவிட்டால் ஈரம் மென்மையான செங்கல் வழியாகத்தான் வெளியேறும், உப்பும் செங்கல்லுக்குள்தான் படியும். சில ஆண்டுகளில் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் பொரிந்து உதிர்ந்திருக்கும். சுவர் முழுக்க சிமென்ட் பூச்சு பூசுவதிலும் இதே கேடுதான். சுண்ணாம்புச் சுவர் வெப்பத்தில் கொஞ்சம் அசையும், சிமென்ட் பூச்சு அசையாது. முடி போன்ற வெடிப்பு விழும். வெடிப்பு வழியே மழை உள்ளே போகும், பூச்சு வழியே வெளியே வராது.

வெளிச்சுவரில் நீர் ஒட்டாமலிருக்கச் செய்யும் சிலிக்கோன் வகைத் திரவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல செங்கல், உப்பில்லாத சுவர், வெடிப்பில்லாத காரை என்றால் அவை உதவலாம். உப்பு பூத்த சுவரில் அடித்தால், உப்பு அந்தத் திரவம் ஊறிய அடுக்குக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே தகடாகப் பெயர்த்துவிடும். ஒரு தடவை அடித்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் சுவரைப் பழுதுபார்த்து ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு, இன்னும் தேவை என்றால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை கறை, அதன் மேல் விளிம்பில் உப்புக்கோடு என்பது அதன் அடையாளம். ஆனால் அப்படித் தெரிந்தவுடன் சுவரில் துளை போட்டு மருந்து செலுத்த ஆளைக் கூப்பிட வேண்டாம். முதலில் வெளித்தரையைப் பாருங்கள். ஆண்டாண்டாகத் தோட்ட மண்ணும் நடைபாதைக் கற்களும் சேர்ந்து வெளித்தரை உயர்ந்து, உள்தரை மட்டத்தைத் தொட்டிருக்கும். அதை உள்தரைக்கு 150 மி.மீ. கீழே இறக்கி, வீட்டைவிட்டு 3 மீட்டர் தூரத்துக்குள் 15 செ.மீ. சரிவு கொடுத்து, இறங்கு குழாயின் நீரைச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி விட்டால் பல சுவர்கள் அதிலேயே தெளிந்துவிடும். கசியும் தண்ணீர்க் குழாய், உடைந்த சாக்கடைக் குழாய் ஆகியவையும் ஓதம் போலவே வேடம் போடும். இவையெல்லாம் சரியான பிறகும் ஓதம் ஏறினால், வெளித்தரைக்கு 150 மி.மீ. மேலே உள்ள காரை வரிசையில், 100 முதல் 120 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு, நீர் விலக்கும் பசையைச் செலுத்தலாம். அதோடு உப்பேறிய உட்பூச்சையும் கறைக்கு மேல் 30 முதல் 50 செ.மீ. வரை கொத்தி எடுத்தாக வேண்டும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஓதம் நின்ற பிறகும் மப்பான நாட்களில் சுவர் வியர்க்கும்.

உட்பக்கம் தார் அல்லது ரப்பர் பூச்சு அடித்து ஓதத்தை மறைப்பது மிகக் கெட்ட வழக்கம். ஆவியாக முடியாத நீர் இன்னும் உயரம் ஏறும். இடுப்பளவில் நின்ற கறை தோளளவுக்குப் போகும்.

இவ்வளவும் செய்த மறுநாளே பலகை ஒட்டக் கூடாது. நனைந்த கல்கட்டு ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இருபுறமும் காய்ந்தால் நாலைந்து மாதம். ஒருபுறம் அடைபட்டிருந்தால் ஒன்பது மாதம். இந்தக் காத்திருப்பை யாரும் விரும்புவதில்லை. ஆனால் காயாத சுவரில் ஒட்டிய காப்பு, ஈரத்தைச் சிறைப்பிடித்துப் பூட்டியது போலத்தான்.

காய்ந்ததா என்று எப்படி அறிவது? இரண்டு ஊசி உள்ள ஈரமானி மரத்துக்கு நல்லது. செங்கல்லில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும். நம்பத் தகுந்தது எடை பார்க்கும் முறை. 10 மி.மீ. துளைக்கருவியை மெதுவாகச் சுழலவிட்டு, முதல் 20 மி.மீ. தூளை விட்டுவிட்டு, அதற்கு உள்ளேயிருந்து 20, 30 கிராம் தூளை மூடியுள்ள டப்பாவில் பிடிக்க வேண்டும். வேகமாகச் சுழன்றால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். உடனே எடை பார்த்து, 105 டிகிரி அடுப்பில் எடை இனி குறையாது என்று நிற்கும் வரை காயவைத்து, மீண்டும் எடை பார்க்க வேண்டும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரத்தின் சதவீதம் வரும். 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பலகையைத் தொட வேண்டாம். தரையிலிருந்து 30 செ.மீ.க்கு ஒன்றாக மேலே மூன்று நான்கு இடங்களில் எடுத்தால் இன்னொன்றும் தெரியும்: கீழே அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் நிலத்து ஓதம், ஓரிடத்தில் மட்டும் உச்சமாக இருந்தால் குழாயோ ஜன்னலோ. கருவியே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 60 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம், சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்.

இனி காப்புக்கு வருவோம். வெளிப்பக்கமா, உட்பக்கமா? வெளியே போட முடியுமானால் வெளியேதான். வெளியே காப்பு இருந்தால் சுவர் முழுக்க அறையின் வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கும், மழையும் அதில் படாது, உத்தர முனைகளும் பத்திரமாக இருக்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ராக் வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பலகை) அல்லது மரநார்ப் பலகை, அதன் மேல் ஆவி விடும் சுண்ணாம்புப் பூச்சு என்பது பொருத்தமான சேர்க்கை. தெர்மோகோல் ஆவியை மிக மெதுவாகத்தான் விடும். நன்றாகக் காய்ந்த, ஓதமில்லாத சுவரில் மட்டும் அது சரிப்படும், அப்போதும் தீயைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். தரையை ஒட்டிய அடிப்பகுதிக்கு மட்டும் நீர் குடிக்காத அடர்ந்த ஃபோம் பலகை வேண்டும்.

வெளிக்காப்பு கெடுவது எப்போதும் விளிம்பில்தான். சுவர் 100 மி.மீ. தடித்துவிட்டால் ஜன்னல் அடிக்கட்டையும் இறவாரமும் அதே அளவு நீள வேண்டும். அதைச் செய்யாமல் ஓரத்தில் சீலன்ட் என்ற இடுக்கு அடைக்கும் பசையை வைத்துவிட்டுப் போனால் சில ஆண்டுகளில் சீலன்ட் பிரியும். தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரில் 1990களில் நடந்ததே இதற்குச் சாட்சி. மரச்சட்ட வீடுகளின் மேல் ஃபோம் பலகையும் செயற்கைப் பூச்சும் போட்டிருந்தார்கள். ஜன்னல் ஓரங்களில் புகுந்த மழைநீர் வடிய வழி வைக்கவில்லை. வெளிப்பூச்சு பார்க்க அப்பழுக்கில்லாமல் இருக்க, அதன் பின்னால் மரப்பலகை மட்கிப்போயிருந்தது. நீர் புகவே புகாது என்று நம்பிக் கட்டியதுதான் அங்கே பிழை. புகுந்தால் எப்படி வெளியேறும் என்ற கேள்வியை வரைபடத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கேட்க வேண்டும்.

முகப்பின் செங்கல் வேலைப்பாட்டை மறைக்க மனமில்லாதபோது, அல்லது அனுமதி இல்லாதபோது, உட்பக்கம் போடவேண்டி வரும். அங்கே பேராசை கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் தடுக்கும் வெப்பத்தை அரை அங்குலத்துக்கும் குறைவான தெர்மோகோல் தடுத்துவிடும். அதனால் முதல் 50 மி.மீ. காப்பிலேயே சுவர் வழியே போகும் வெப்பத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நின்றுவிடுகிறது. இன்னொரு 50 மி.மீ. சேர்த்தால் கூடுதலாகக் கிடைப்பது 12 சதவீதம் அளவுதான். ஆனால் அந்த இரண்டாவது 50 மி.மீ. செங்கல்லை இன்னும் குளிரவைத்து, உலர்வதை இன்னும் தாமதமாக்கும். உறைபனி உள்ள இடங்களில் நனைந்த செங்கல் உறைந்து வெடிப்பதும் இதனால்தான். பழைய கனச் சுவரில் உட்பக்கம் 50, 60 மி.மீ.யோடு நிறுத்துவது புத்திசாலித்தனம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உட்பக்கத்துக்கு ஏற்ற பொருள்கள் என்று கால்சியம் சிலிக்கேட் பலகையையும் மரநார்ப் பலகையையும் சொல்வோம். இரண்டும் ஆவியை விடும். கோக்கும் சிறு ஈரத்தை நுண்துளைகளால் உறிஞ்சிப் பரப்பி, அறைப்பக்கம் காயவிடும். கால்சியம் சிலிக்கேட் காரத்தன்மை உள்ளது என்பதால் அதில் பூஞ்சாணம் எளிதில் பிடிக்காது. காப்பு வலிமை தெர்மோகோலைவிடக் குறைவு என்பது அதன் குறை.

ஒட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய வால்பேப்பர், பெயின்ட், ஜிப்சம் பூச்சு மூன்றையும் முழுக்க நீக்க வேண்டும். காகிதம் பூஞ்சாணத்துக்குத் தீனி, ஜிப்சம் ஈரத்தில் இளகும். மேடு பள்ளம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் சுண்ணாம்புப் பூச்சால் சமன்செய்து காயவிட வேண்டும். பிறகு பசையை 10 மி.மீ. பல்லுள்ள கரணையால் சுவர் முழுக்க இழுத்து, பலகையின் முதுகிலும் மெல்லியதாகத் தேய்த்து, பலகையை வைத்து லேசாக நகர்த்தி அழுத்த வேண்டும். முதல் பலகையை உடனே பெயர்த்துப் பாருங்கள்: முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகப் பசை வைத்து ஒட்டுவதை எந்தக் கொத்தனார் செய்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் அறைக் காற்று போய் நீராக மாறும் இடம். பலகைகளைச் செங்கல் கட்டு போல மூட்டு மாற்றி அடுக்க வேண்டும். மேலே 5 மி.மீ. அளவுக்கு அடிப்பூச்சு, அதற்குள் கண்ணாடி இழை வலை. வலையின் விளிம்புகள் 100 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், ஜன்னல் மூலைகளில் கூடுதலாக ஒரு துண்டைக் குறுக்காக வைக்க வேண்டும். கடைசியில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு அல்லது சிலிக்கேட் வர்ணம். இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண். வீட்டுக்காரருக்குத் தெரியாமலே வர்ணக்காரர் அடித்துவிட்டுப் போகக்கூடிய ஒன்று இது. அதனால் வர்ணத்தின் வகையையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பொருள் கணக்குக்கு ஓர் உதாரணம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரச் சுவர் 12 சதுர மீட்டர், 1.5 சதுர மீட்டர் ஜன்னலைக் கழித்தால் 10.5. பலகை ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் என்றால் 21, வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 23 அல்லது 24. பசை சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ என்று 55 கிலோ வரும். சரியான அளவு பையிலேயே அச்சிட்டிருக்கும். ஜன்னல் பதிந்திருக்கும் குழிவின் பக்கச் சுவர்களுக்கு 20 மி.மீ. மெல்லிய பலகை தனியாக வேண்டும். இதை எல்லோரும் மறப்பார்கள். மறந்தால் சுவர் முழுக்கக் கதகதப்பாக இருக்க, ஜன்னலைச் சுற்றிய பட்டை மட்டும் குளிர்ந்து, வீட்டின் ஈரமெல்லாம் அங்கே வந்து கறுக்கும். வெளிச்சுவரோடு சேரும் குறுக்குச் சுவர்களிலும் 30 முதல் 50 செ.மீ. நீளத்துக்குக் காப்பைத் திருப்பி ஒட்ட வேண்டும்.

உத்தர முனைகளுக்கு எங்கள் கவலை தனி. வெளிச்சுவருக்குள் செருகியிருக்கும் மர முனை இதுவரை அறை வெப்பத்தில் உலர்ந்துகொண்டிருந்தது. உட்காப்பு போட்ட பிறகு அது குளிர்ந்த, ஈரமான செங்கல் கூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. வேலைக்கு முன் தரைப்பலகை ஒன்றைத் தூக்கி, முனைகளில் ஈரமானி வைத்துப் பார்க்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடரலாம். மேலே இருந்தால் ஈரம் வரும் இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேல்மாடித் தரைக்கும் கீழறைக் கூரைக்கும் இடைப்பட்ட அந்தப் பட்டையில் மரத்தைச் சுற்றிக் காற்று புகாதபடி நாடாவால் அடைத்து, காப்பை மெல்லியதாக வைப்பதோ விட்டுவிடுவதோ நல்லது. அங்கே போகும் கொஞ்சம் வெப்பம் உத்தரத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் கூலி.

காற்றுக் கசிவை அலட்சியம் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. குளிர் நாடுகளில் ஒரு குளிர்காலம் முழுக்க 4 அடிக்கு 8 அடி ஜிப்சம் பலகை வழியே ஊடுருவும் நீராவி ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர். அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால், அதன் வழியே காற்றோடு போவது 30 லிட்டர் அளவு. ஸ்விட்ச் பெட்டி, குழாய் நுழையும் இடம், தரையோர இடுக்கு ஆகியவற்றை அடைப்பது, விலையுயர்ந்த நீராவித் தடுப்புத் தாளைவிட முக்கியம். காப்புக்குள் புதையும் மின்கம்பி சூடு தணிய முடியாமல் தவிக்கும் என்பதால் பழைய வயரிங்கை மின்பணியாளர் பார்த்த பிறகே மூட வேண்டும்.

நீராவித் தடுப்புத் தாள் எந்தப் பக்கம் என்ற கேள்வியில்தான் அதிகப் பணம் பாழாகிறது. குளிர் நாட்டுக் கையேடுகள் அறைப்பக்கம் பாலித்தீன் போடச் சொல்லும், ஏனென்றால் அங்கே ஆவி உள்ளிருந்து வெளியே போகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் ஏசி ஓடும் அறைக்கு இது நேர் தலைகீழ். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை 27 டிகிரி. அறை 24 டிகிரியில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆவி அறைப்பக்கப் பாலித்தீனை முட்டி, அதன் முதுகில் நீராக வழியும். மழையில் நனைந்த சுவரில் வெயில் அடித்தால் இந்த ஓட்டம் இன்னும் வேகமாகும். பிளாஸ்டிக் வால்பேப்பரும் அதே வேலையைத்தான் செய்யும். அதன் மேல் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் பின்னால் பூஞ்சாணம் என்று பொருள். அப்படிப்பட்ட இடங்களில் அறைப்பக்கம் ஆவி விடும்படி வைத்து, தடையை வெளிப்பக்கம் வைக்க வேண்டும். ஆண்டில் பாதி குளிர், பாதி புழுக்கம் உள்ள இடங்களில் எந்தப் பக்கமும் பாலித்தீன் வேண்டாம்; ஈரப்பதத்துக்கேற்பத் தன் தடையை மாற்றிக்கொள்ளும் தாள்கள் இருக்கின்றன, அல்லது முன்பு சொன்ன உறிஞ்சும் பலகைகளே போதும்.

ஒப்பந்ததாரர் ஒரு கணக்குத் தாளைக் காட்டி, சுவருக்குள் நீர் கோக்காது என்று நிரூபிக்கலாம். அது பெரும்பாலும் 1950களின் இறுதியில் ஜெர்மானியரான ஹெல்முட் கிளாசர் வகுத்த முறையாக இருக்கும். ஆவி ஊடுருவலை மட்டும் அது கணக்கிடும். மழையும் ஓதமும் காற்றுக் கசிவும் அதில் கிடையா. புதிய, காய்ந்த சுவருக்கு அது போதலாம். மழை படும் பழைய செங்கல் சுவருக்கு, மணிக்கு மணி வெயிலையும் மழையையும் சேர்த்துக் கணக்கிடும் கணினி முறைதான் வேண்டும்.

இரட்டைச் சுவர்களின் நடு இடைவெளியை நிரப்புவதாக இருந்தால், துளையிட்டுச் சிறு கேமராவால் உள்ளே பார்க்காமல் நிரப்ப விடாதீர்கள். விழுந்து கிடக்கும் காரைக் கட்டிகள், துருப்பிடித்த இணைப்புக் கம்பிகள் இருந்தால் மழை நீர் அவற்றின் வழியே உட்சுவருக்கு நடந்து வரும். காற்றோடு சாய்ந்து மழை அடிக்கும் திசையிலுள்ள சுவரை நிரப்பாமல் விடுவதே மேல். மரச்சட்டச் சுவரில் காகித நார் செலுத்தினால் கன மீட்டருக்கு 55 முதல் 60 கிலோ அடர்த்தி வரவேண்டும். தளர்வாக விட்டால் ஆண்டுகள் போகப்போகக் கீழே அமுங்கி, மேலே வெற்றுப் பட்டை விழும்.

காற்றும் ஈரமும் புகாமல் வீட்டை இறுக்கிய பிறகு உள்ளே உண்டாகும் ஈரத்தை வெளியேற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. நால்வர் வாழும் வீட்டில் சமையல், குளியல், துணி, மூச்சு எல்லாம் சேர்ந்து நாளுக்குப் பத்து லிட்டர் அளவு நீர் காற்றில் கலக்கிறது. குளியலறைக்கு மணிக்கு 90 கன மீட்டர் இழுக்கும் எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன், குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓடவேண்டும். அதன் குழாய் கூரை இடுக்கில் முடியாமல் வெளியே போக வேண்டும். ஜன்னலைத் திறப்பது எப்போதும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். வெளியே 28 டிகிரி, 85 சதவீதம் என்றிருக்கும் புழுக்கமான இரவில் அந்தக் காற்று 26 டிகிரி அறைக்குள் வந்தால் ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தொடும். சுவர்ப்பரப்பை ஒட்டி 80 சதவீதம் நீடித்தாலே பூஞ்சாணத்துக்குப் போதும். அறைக்கு ஓர் ஈரப்பதமானி வையுங்கள், 40க்கும் 60க்கும் இடையில் நிற்கட்டும். வெளிச்சுவரோரம் பீரோவை வைத்தால் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

வீட்டுப் பராமரிப்பு பற்றி உங்கள் இதழ் வெளியிடும் குறிப்புகளில், காப்புப் பொருளின் பெயரோடு அது எந்தத் தட்பவெப்பத்துக்கு, சுவரின் எந்தப் பக்கத்துக்கு என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். அந்த ஒரு வரி இல்லாமல் படிப்பவர், குளிர் நாட்டுக்கான தாளை வாங்கித் தன் ஏசி அறையில் ஒட்டிவிடுவார். வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வடக்கு அல்லது அதிக மழை படும் சுவரில், பலகைக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஓர் ஈர உணரியைக் கம்பியோடு புதைத்து, கம்பியின் முனையை ஸ்விட்ச் பெட்டிக்குள் விட்டுவிட்டு வாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ஒரு முறை வீட்டுக்காரர் அந்த எண்ணைக் குறித்துவரட்டும்.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சீரமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்